சிவந்த கருவாடும் பச்சைத் தண்ணீரும்

மாரி தொடங்கி நாலைந்து நாள் வெயில் முகம் காட்டாமல் போனால், மூத்தம்மா செய்கிற முதல் வேலை கருவாட்டுப் பெட்டியை இறக்கிப் பார்ப்பதுதான். காத்தான்குடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவில் மணல் தரையில் நெருங்கிக் கிடக்கும் வீடுகள். காற்றில் எந்நேரமும் ஈரம். அந்த ஈரத்தில் கட்டாக் கருவாட்டின் மேல் படிந்த உப்பு மெல்லக் கசியும். கசிந்த இடத்தில் ரோசாப்பூ நிறத்தில் ஒரு பூச்சுப் படரும், விரல் வைத்தால் வழுக்கும். மூத்தம்மா ஒரு துண்டை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பா. "செவந்து போயிட்டு மகன், இனி ஆக்க ஏலா" என்பா. கோழிக்குக்கூடப் போட விடமாட்டா. வளவின் மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுவா.

அந்தச் சிவப்பு மீனிலிருந்து வருவதில்லை, உப்பிலிருந்து வருவது என்பதை விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன். கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுக்கும் உப்பில் உயிரோடு இருக்கும் ஒரு நுண்ணுயிர் அது. புத்தளத்திலோ அம்பாந்தோட்டையிலோ ஆனையிறவிலோ உப்பு விளையும் தறுவாயில் பாத்தித் தண்ணீர் செந்நிறமாவதைப் பார்த்தவர்கள் அதே வகை உயிர்களின் கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான உயிர்கள் தாங்காத உப்பில் அது செழிக்கும். நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் செத்துவிடும். 1922இல் கனடாவில் உப்பிட்ட கொட் மீன் சிவந்து பழுதாவதற்கு என்ன காரணம் என்று தேடிய இருவர் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஹலோபற்றீரியம் என்ற பெயர் பிறகு நிலைத்தது. பெயரில் பற்றீரியா இருந்தாலும் இன்று அதை ஆர்க்கியா என்ற தனிக் குலத்தில் சேர்க்கிறார்கள்.

மூத்தம்மா புதைக்கச் சொன்ன அந்தப் பூச்சுக்குள், ஒளி பட்டால் வேலை செய்யும் ஒரு புரதம் இருக்கிறது. மூளையின் நரம்புக்கலங்களை வெளிச்சத்தால் தூண்டவும் அடக்கவும், அவற்றுக்குள் ஓடும் சமிக்ஞைகளை வேண்டிய நேரத்தில் திறந்துவிடவும் இன்று உலகமெங்கும் ஆய்வுகூடங்களில் கையாளும் ஒளிமரபியல் என்ற முறையின் பிறப்பை அங்கிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும்.

1969இல் மியூனிக் நகரத்து இரசாயனவியலாளர் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பழக வேண்டும் என்பதுதான் அவர் போன காரணம். அவர் சேர்ந்த ஆய்வுகூடத்தின் தலைவர் வால்ட்டர் ஸ்டோக்கெனியஸ், உப்பில் வாழும் இந்த உயிரின் மென்சவ்வைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பகுதி கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. அந்த நிறம் எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. ஓஸ்டர்ஹெல்ட் அதில் சேதனக் கரைப்பானைச் சேர்த்தார், ஊதா போய் மஞ்சளாயிற்று. பக்கத்தில் வேலை செய்த அலன் பிளாரொக் முன்பு தவளையின் விழித்திரையை ஆராய்ந்தவர். அந்த நிறமாற்றத்தை அவர் ஏற்கெனவே கண்டிருந்தார். கண்ணில் ஒளியை வாங்குகிற ரொடொப்சின் என்ற புரதமும் இப்படித்தான் மஞ்சளாகும்.

கண்ணே இல்லாத ஓருயிரில் கண்ணின் புரதம் எப்படி இருக்கும்? கேட்டவர்கள் நம்பவில்லை. ஓஸ்டர்ஹெல்ட் விடாமல் தேடி, அந்த ஊதாச் சவ்வுக்குள் ரெட்டினல் இருப்பதைக் காட்டினார். 1971இல் அவரும் ஸ்டோக்கெனியஸும் வெளியிட்ட கட்டுரையில் பற்றீரியோரொடொப்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ரெட்டினலைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பிறகு அது இன்னொரு முறை வரும். விற்றமின் ஏயிலிருந்து உடம்பு ஆக்கிக்கொள்கிற சின்னஞ்சிறு மூலக்கூறு அது. நாங்கள் முருங்கையிலை வறையும் மஞ்சள் பூசணியும் தின்னுவதில் ஒரு பங்கு கடைசியில் கண்ணுக்குள் ரெட்டினலாய்ப் போய் இருக்கிறது. அது குறைந்தால்தான் பிள்ளைகளுக்கு மாலைக்கண். நீண்ட வால்போல ஒரு சங்கிலி அதற்கு உண்டு. ஒளி பட்டதும் அந்த வால் ஓரிடத்தில் முறுக்கிக்கொள்ளும். அந்த ஒரு முறுக்கு, தன்னைப் பிடித்திருக்கும் புரதத்தின் உருவத்தையே மாற்றிவிடும். நாம் எதையும் பார்ப்பது அந்த முறுக்கில்தான் தொடங்குகிறது. உப்பில் வாழும் உயிரோ அதே முறுக்கைச் சக்திக்குப் பயன்படுத்துகிறது. வெளிச்சம் படும்போதெல்லாம் பற்றீரியோரொடொப்சின் ஒரு புரோத்தனைக் கலத்துக்கு வெளியே தள்ளும். அப்படித் தள்ளிச் சேர்த்த அழுத்தத்தில் கலம் பிழைக்கும். 1973இல் இது தெளிவாயிற்று. அடுத்த சில வருடங்களில் அதே உயிரில் இன்னொரு ஒளிப் புரதமும் அகப்பட்டது. ஹலோரொடொப்சின் என்ற அது, குளோரைட்டு அயனை உள்ளே இழுப்பது.

இந்த இடத்தில்தான் நம் பக்கத்து மனிதர் ஒருவர் கதைக்குள் வருகிறார். ஹர் கோவிந்த் கொரானா, பிரிக்கப்படாத இந்தியாவின் மூல்தான் பகுதியில் ராய்ப்பூர் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். நூறு பேர் அளவில் வாழ்ந்த ஊர். தகப்பன் வரிக் கணக்கு எழுதுகிற பட்வாரி. ஊரில் எழுத வாசிக்கத் தெரிந்த குடும்பம் என்று சொல்லக்கூடியது அவர்களுடையது ஒன்றுதான். முதல் எழுத்து மரத்தடியில் படித்த அந்தப் பிள்ளை, பரம்பரைக் குறியீட்டை வாசித்ததற்காக 1968இல் நோபல் பரிசு வாங்கினார். பரிசு வாங்கியவர்கள் அதே துறையில் பெரியவராக இருந்து காலத்தைக் கழிக்கலாம். கொரானா அப்படி இருக்கவில்லை. எழுபதுகளில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் புதிய மாணவனைப்போல மென்சவ்வுப் புரதங்களைப் படிக்கத் தொடங்கினார். அதற்கு அவர் தெரிந்தெடுத்தது இந்த ஊதாப் புரதத்தை. 1979இல் அதன் 248 அமினோ அமிலங்களின் வரிசை வெளியாயிற்று. மொஸ்கோவில் ஒவ்சினிக்கோவின் குழுவும் அதே காலத்தில் அதைச் செய்து முடித்தது. மென்சவ்வுக்குள் ஏழு முறை ஊசி நூல்போல உள்ளே போய் வெளியே வருகிற சங்கிலி அது. பிறகு மாட்டின் கண்ணில் உள்ள ரொடொப்சினுக்குப் போனார். 1986இல் அதன் பரம்பரையலகு முழுவதையும் அவருடைய ஆய்வுகூடம் இரசாயன முறையில் செயற்கையாகவே ஆக்கியது. மாட்டுக் கண்ணின் புரதமும் அதே ஏழு முறை சவ்வைக் கடப்பதுதான். மடுவத்தில் வீசப்படுகிற மாட்டுக் கண்ணிலும் பழுதான கருவாட்டிலும் ஒரே அச்சில் வார்த்த உருவம்.

இத்தனையும் நடக்கும்போது மூளையை யாரும் நினைக்கவில்லை. மூளைக்காரர்களுக்கு வேறு ஒரு தவிப்பு இருந்தது.

பெருநாளைக்கு முந்திய இரவு காத்தான்குடிக் கடைத்தெருவை நினைத்துப் பாருங்கள். பேரீச்சை மரங்களுக்குக் கீழே நடக்க இடமில்லாத சனம். அந்தச் சனத்துக்குள் தையற்காரர்களை மட்டும் கூப்பிட வேண்டும், அவர்கள் மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டும், மற்ற எல்லாரும் தங்கள் அலுவலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கத்தினால் எல்லாரும் திரும்புவார்கள். மின்சாரத்தை வெட்டினால் எல்லாரும் நிற்பார்கள். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக்கலங்கள், எத்தனையோ வகை, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மின்வாயை நுழைத்துத் தூண்டினால் அக்கம்பக்கத்துக் கலங்கள் எல்லாம் சேர்ந்து துடிக்கும். மருந்து கொடுத்தால் மூளை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் நிற்கும். எந்த வகைக் கலம் எந்த வேலையைச் செய்கிறது என்று அறிய வழியில்லை. டீஎன்ஏயின் உருவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், 1979இல் மூளையைப் பற்றி எழுதும்போது இதைத்தான் கேட்டார்: ஒரு வகை நரம்புக்கலத்தை மட்டும் அடக்கி, மற்றவற்றைத் தொடாமல் விட ஒரு முறை வேண்டும். இருபது வருடம் கழித்து 1999இல், அதற்கு ஏற்ற சைகை ஒளியாக இருக்கலாம் என்றும் எழுதினார். எட்டாத ஆசைபோலத் தோன்றுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

கிரிக் 1979இல் கேட்டபோது ஒளியால் அயனைக் கடத்துகிற புரதம் ஏற்கெனவே கையில் இருந்தது. கொரானாவின் குழு அதே வருடம்தான் அதன் வரிசையை வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்னும் கால் நூற்றாண்டு போயிற்று. உப்பில் வாழும் ஒன்றின் புரதம் விலங்கின் நரம்புக்கலத்துக்குள் ஒழுங்காய் வேலை செய்யாது, செய்தாலும் அதன் மின்னோட்டம் போதாது, ரெட்டினலையும் தனியே ஊட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணினார்கள். ஓஸ்டர்ஹெல்ட், கொரானா போன்றவர்களின் கட்டுரைகளை நரம்பியலாளர் வாசிப்பது அபூர்வம். அந்த இருபத்தைந்து வருடங்களை நினைக்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

இனிப் பச்சைத் தண்ணீருக்கு வருகிறேன்.

மழை விட்டு ஒரு கிழமை கழிந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளக் காணிகளில் தேங்கிய தண்ணீர் பச்சையாகும். அதை ஒரு ஜேம் போத்தலில் அள்ளி, போத்தலைச் சுற்றிக் கறுப்புக் கடதாசியை ஒட்டி, கடதாசியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஓட்டை வெட்டி, யன்னலோரம் வைக்கும்படி என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வேன். ஒரு பாடவேளை முடியும்போது கடதாசியை உரித்தால் போத்தலின் உட்புறத்தில் ஓட்டை இருந்த இடத்தில், அதே வட்டத்தில், பச்சைப் பொட்டு ஒன்று நிற்கும். மற்ற இடத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும். எல்லாப் பாசிக்கும் இது சரிவராது. சவுக்குமுளை உள்ள, நீந்தத் தெரிந்த அல்கா அகப்பட்டால்தான் சரிவரும். சரிவந்த நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். விரலால் அந்தப் பொட்டைச் சுரண்டிப் பார்ப்பார்கள், கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருக்கிறதோ என்று. போத்தலை ஆட்டினால் பொட்டுக் கலைந்து தண்ணீர் முழுக்கப் பச்சையாகும். திரும்ப வைத்தால் திரும்ப வந்து கூடும்.

இந்த நீந்தும் பச்சைகளில் பேர்போனது கிளமிடோமோனாஸ். ஒரேயொரு கலம், மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. முன்னால் இரண்டு சவுக்குமுளைகள். பக்கவாட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கண்பொட்டு. தன்னைத்தானே சுற்றிக்கொண்டே நீந்துவதால் கண்பொட்டு வெளிச்சத்தின் பக்கம் வந்து வந்து போகும், அதை வைத்து வழியைத் திருத்திக்கொள்ளும். ஆய்வுகூடங்கள் வளர்க்கிற வகை 1945இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்தில் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்து மண்ணிலிருந்து எடுத்தது. ஒளியை உணராத குருட்டு வகை ஒன்றுக்கு ரெட்டினலைக் கொடுத்ததும் அது திரும்ப ஒளியை நோக்கி நீந்தத் தொடங்கியதை 1984இல் கெனத் பொஸ்ரரின் குழு காட்டியது. ஆக, இதற்குள்ளும் ஒரு ரொடொப்சின் ஒளிந்திருக்க வேண்டும்.

அதைத் தேடிப் போனவர் பீட்டர் ஹேகெமன், ஓஸ்டர்ஹெல்ட்டின் மாணவர். 1991இல் அவரும் கூட்டாளி ஹார்ஸும் கண்பொட்டின் பக்கத்தில் எழும் மின்னோட்டத்தை அளந்தார்கள். வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் மின்னோட்டம் எழுந்தது. இடையில் தூது போக யாருக்கும் நேரமில்லாத அவ்வளவு வேகம். ஒளியை வாங்குவதும் வாயிலைத் திறப்பதும் ஒரே புரதமாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்படி ஒன்றை அதுவரை உலகில் யாரும் கண்டதில்லை. அல்காவைப் பெருமளவில் வளர்த்து, அரைத்து, வடித்து அந்தப் புரதத்தைப் பிரிக்க வருடக்கணக்காய் முயன்றார். கிடைக்கவில்லை. கடைசியில் அது அகப்பட்டது ஒரு பட்டியலில். யப்பானின் கசூசா நிறுவனம் கிளமிடோமோனாஸின் பரம்பரையலகுத் துண்டுகளை வாசித்து எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தது. அதில் ரொடொப்சினின் சாயலுள்ள இரண்டு துண்டுகள் இருந்தன.

பிராங்க்பேர்ட்டில் கியோர்க் நாகெலும் ஏர்ன்ஸ்ட் பாம்பெர்கும் அந்தப் பரம்பரையலகைத் தவளை முட்டைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பச்சை ஒளியைப் பாய்ச்சியதும் முட்டையின் சுவரினூடாக மின்னோட்டம் ஓடியது. ஹேகெமன் நினைத்தது சரி, வாங்குவதும் திறப்பதும் ஒரே புரதம்தான். 2002இல் முதலாவது, 2003இல் இரண்டாவது. இரண்டாவதற்குப் பெயர் சனல்ரொடொப்சின்-2, நீல ஒளிக்குத் திறப்பது. அமைதியாக இருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம் எதிரேற்றத்தோடு இருக்கும். நேரேற்ற அயன்கள் ஒரு கூட்டம் உள்ளே பாய்ந்தால் அது துடிக்கும். நீல ஒளி பட்டால் திறந்து நேரேற்ற அயன்களை உள்ளே விடுகிற வாயில் இப்போது கையில் இருந்தது. அந்த 2003ஆம் வருடக் கட்டுரையை வாசித்த பலருக்கு ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்ததில் ஆச்சரியமில்லை.

அதற்கு முன்பே வேறு வழியில் ஒருவர் போய்ச் சேர்ந்திருந்தார். கேரோ மீசன்பொக், பழ ஈயின் கண்ணிலிருந்து மூன்று புரதங்களை எடுத்து நரம்புக்கலங்களுக்குள் வைத்து 2002இலேயே ஒளியால் அவற்றைத் துடிக்க வைத்தார். 2005இல் அவரும் சுசானா லீமாவும், வேறொரு மூலக்கூற்று வழியில், உயிரோடிருக்கும் ஈக்களின் குறித்த நரம்புகளை ஒளிக்குக் கட்டுப்படுத்தினார்கள். தலையில்லாத ஈக்கள்கூட ஒளி பட்டதும் குதித்துப் பறந்தன. கண்ணால் பார்த்துப் பயந்து பறந்தது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? உயிரொன்றின் நடத்தையை ஒளியால் நடத்திக் காட்டியதில் அவருக்குத்தான் முதலிடம் என்று நான் கருதுகிறேன்.

டெற்ராயிற்றில், வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஸுவோ-ஹுவா பான் என்பவர் குருட்டுக் கண்ணுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். ஒளியை வாங்கும் கலங்கள் செத்துப்போன விழித்திரையில், பின்னால் மிஞ்சியிருக்கும் நரம்புக்கலங்களுக்கு இந்த அல்காப் புரதத்தைக் கொடுத்தால் என்ன? 2004இன் தொடக்கத்திலேயே அவருடைய கோப்பையில் வளர்ந்த கலங்கள் ஒளிக்குத் துடித்தன. அதே வருடம் விலங்கின் கண்ணிலும் செய்தார். கட்டுரையைச் சஞ்சிகை சஞ்சிகையாக அனுப்பினார், திரும்பித் திரும்பி வந்தது. வெளியானது 2006 ஏப்ரலில். அதற்குள் ஸ்டான்போர்ட்டில் எட் பொய்டனும் காள் டைசெரொத்தும் முந்திவிட்டார்கள். பொய்டன் 2004 ஆகஸ்ட் 4 அன்று கோப்பையில் வளர்ந்த நரம்புக்கலத்துக்கு நீல ஒளியைக் காட்டி, அது துடிப்பதைப் பதிவுசெய்தார். அவர்களோடு இருந்த பெங் ஷாங் வைரசில் அந்தப் பரம்பரையலகை ஏற்றிக் கொடுத்தார். 2005 ஆகஸ்டில் கட்டுரை வெளியாயிற்று. ஒளியைத் துடிப்புத் துடிப்பாய்க் கொடுத்தால், கலமும் மில்லிசெக்கன் பிசகாமல் துடிப்புத் துடிப்பாய்ப் பதில் சொன்னது. உலகம் அந்தக் கட்டுரையைத்தான் பிறந்த நாளாக எழுதி வைத்திருக்கிறது. பானின் பெயரைப் பாடப்புத்தகங்களில் தேட வேண்டியிருக்கிறது. பிறந்த கதையை எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பந்தியை நீட்டி எழுதினேன்.

தையற்காரர்களை மட்டும் கூப்பிடுவது எப்படி என்ற கேள்விக்கும் இங்கே விடை வந்தது. எல்லாக் கலங்களிலும் எல்லாப் பரம்பரையலகுகளும் உண்டு, எது விழித்திருக்கும் என்பது கலத்தின் வகையைப் பொறுத்தது. ஒரு வகைக் கலத்தில் மட்டும் விழிக்கிற தொடக்கப் பகுதியை அல்காவின் பரம்பரையலகோடு ஒட்டி வைரசில் ஏற்றினால், வைரஸ் எங்கே போனாலும் அந்த வகைக் கலம் மட்டும் புரதத்தை ஆக்கும். பிறகு மயிரிழை போன்ற ஒளியிழையை உள்ளே விட்டு விளக்கைப் போட்டால், ஒளி எல்லார் மேலும் விழும், திரும்பிப் பார்ப்பது தையற்காரர் மட்டும். ரெட்டினலைத் தனியே ஊட்ட வேண்டியிருக்கும் என்ற பயமும் வீணாயிற்று. முலையூட்டிகளின் மூளையில் போதியளவு ரெட்டினல் ஏற்கெனவே இருந்தது. தின்ற கீரையிலிருந்து வந்தது.

2006இல் ஒளிமரபியல் என்ற பெயர் வந்தது. 2007இல் நிறுத்துகிற சாவியும் கிடைத்தது, மஞ்சள் ஒளிக்குக் கலத்தை அடக்குகிற ஹலோரொடொப்சின். எகிப்தின் சோடா ஏரியொன்றில் வாழும் உயிரிலிருந்து எடுத்த வகை அது. அதன் இரண்டாம் பெயர் பரவோனிஸ், பிர்அவ்னின் பெயர். நீல ஒளிக்குத் துடிப்பு, மஞ்சள் ஒளிக்கு அடக்கம், இரண்டும் ஒரே கலத்தில். எலியின் மூளையில் ஒரு பக்கத்து இயக்கப் பகுதிக்கு நீல ஒளி போனால் எலி வட்டமடித்து ஓடியது, விளக்கை அணைத்தால் நின்றது. துயிலிலிருந்து எழுப்புவதில் ஒரு வகைக் கலத்துக்கு உள்ள பங்கை அதே வருடம் இந்த முறையால் காட்டினார்கள்.

துடிப்பது மட்டும்தான் நரம்புக்கலத்தின் பேச்சு என்றால் கதை இங்கே முடிந்திருக்கும். மின்துடிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு பேச்சு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதிரினலினோடு ஒத்த நொரதிரினலினும் டோபமீனும் கலத்தின் வெளிச்சுவரில் வந்து ஒட்ட, உள்ளே ஒன்றிலிருந்து ஒன்றாய்ச் சமிக்ஞை இறங்கிப்போகும். மனம் விழிப்பாவதும், ஒன்றில் ஆசை படிவதும், நினைவு இறுகுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். சுவரில் நின்று அந்தச் சேதியை வாங்குகிற புரதத்தை, வீட்டு மதிலில் பதிந்து நிற்கும் ஆளாக நினைக்கலாம். ஒழுங்கைப் பக்கம் நீட்டிய கையால் கடிதத்தை வாங்குகிறார், வளவுப் பக்கம் உள்ள கையால் வீட்டாரைத் தட்டுகிறார். உள்ளே தட்டு வாங்குவது ஜி-புரதம். 1986இல் ரொபர்ட் லெப்கோவிற்ஸின் குழு, அதிரினலினை வாங்கும் பீட்டா-2 என்ற ஏற்பியின் வரிசையை வாசித்தபோது அதுவும் ஏழு முறை சவ்வைக் கடந்தது. கண்ணின் ரொடொப்சினுக்கு அது உறவு. வெளிக் கை வாங்குவது மட்டும் வேறு, ஒன்றில் அதிரினலின், மற்றதில் வெளிச்சம்.

உறவு என்றால் கையை மாற்றிப் பொருத்த முடியுமா? 2005இல் கொரானாவின் ஆய்வுகூடம் அதைச் செய்தது. மாட்டுக் கண்ணின் ரொடொப்சினை எடுத்து, கலத்துக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் வளையங்களை வெட்டிவிட்டு, அங்கே பீட்டா-2 ஏற்பியின் வளையங்களைப் பொருத்தினார்கள். வெளியே கண், உள்ளே அதிரினலின் ஏற்பி. அந்தப் புரதத்தை வளர்ப்பிலிருந்த கலங்களில் வைத்து ஒளியைக் காட்டினார்கள். ஒரு துளி அதிரினலினும் இல்லாமல், அதிரினலின் வந்தால் எழும் சமிக்ஞை கலத்துக்குள் எழுந்தது. கொரானாவுக்கு அப்போது 83 வயது. பொய்டனின் கட்டுரை வந்த அதே வருடம். அவர் கேட்ட கேள்வி ஏற்பி எப்படி உள்ளே உருவம் மாறுகிறது என்பது, மூளையைப் பற்றியதல்ல.

அதை மூளைக்குள் கொண்டுபோனது 2009இல். ராக் ஐரன் முதல் பெயராக, டைசெரொத்தின் ஆய்வுகூடத்திலிருந்து வந்த கட்டுரை. கொரானாவின் வழியிலேயே இரண்டு புரதங்கள், ஒன்றில் பீட்டா-2 ஏற்பியின் உட்கை, மற்றதில் அல்பா-1 ஏற்பியின் உட்கை. இரண்டும் உள்ளே வெவ்வேறு சமிக்ஞை வழிகளைத் திறப்பவை. எலியின் மூளையில், ஆசையும் வெகுமதியும் கூடுகிற நியூக்கிளியஸ் அக்கும்பென்ஸ் என்ற இடத்தில் அவற்றை வைத்தார்கள். எலி இரண்டு அறைகளுக்கிடையில் தன் பாட்டில் திரியும், ஓர் அறையில் இருக்கும்போது மட்டும் ஒளி கிடைக்கும். அல்பா-1 உட்கை உள்ள எலிகள், பிறகு ஒளி இல்லாத நாளிலும் அந்த அறைக்கே போய்ப் போய் நின்றன. தீனி கொடுக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. கலத்துக்குள் ஒரு சமிக்ஞையை வேண்டிய நேரத்தில் திறந்ததே ஓர் இடத்தின் மேல் விருப்பத்தைப் பதித்துவிட்டது. இந்தச் சோதனையை வாசித்த அன்று நான் வெகுநேரம் எழும்பாமல் இருந்தேன். விருப்பம் என்று நாம் சொல்வதற்குள் எத்தனை படிகள், அதில் ஒரு படியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டார்கள்.

பரிசுகள் பின்னால் வந்தன. 2021இல் லாஸ்கர் பரிசு ஓஸ்டர்ஹெல்ட்டுக்கும் ஹேகெமனுக்கும் டைசெரொத்துக்கும் போனது. உப்பின் நிறத்தில் தொடங்கி அரை நூற்றாண்டு காத்திருந்த ஓஸ்டர்ஹெல்ட் அடுத்த வருடம் காலமானார். கொரானா 2011 நவம்பரிலேயே போய்விட்டார்.

மூளைக்குள் இது இன்னும் பெரும்பாலும் எலிகளோடு நிற்கிறது, மண்டையோட்டைத் திறந்து மனிதருக்குச் செய்வது இலேசான காரியமல்ல. கண்ணுக்கு வந்துவிட்டது. நம் ஊர்களில் மாலைக்கண்ணாய்த் தொடங்கி, பார்வையின் ஓரங்கள் சுருங்கி, நடுவயதில் முழு இருளில் முடிகிற பரம்பரை நோயொன்று உண்டு, ரெட்டினைற்றிஸ் பிக்மென்டோசா. சொந்தத்துக்குள் கலியாணம் செய்கிற குடும்பங்களில் இதன் சில வகைகள் கூடுதல். முருங்கையிலையால் மாறாத மாலைக்கண் இது. பான் காட்டிய வழியில் 2016இல் அமெரிக்காவின் டெக்சாஸில் முதல் நோயாளியின் கண்ணுக்குள் அல்காவின் பரம்பரையலகு போனது. 2021 மே மாதத்தில், ஜோசே-அலன் சாஹெலும் பொட்டொண்ட் ரொஸ்காவும் பாரிஸில் ஒரு மனிதரைப் பற்றி எழுதினார்கள். வயது 58. நோய் தெரிந்து நாற்பது வருடம். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு கண்ணில் ஊசி போட்டார்கள், அதில் கிறிம்சன்-ஆர் என்ற புரதத்தின் பரம்பரையலகு, அதுவும் கிளமிடோமோனாஸ் இனத்தைச் சேர்ந்த அல்காவின் வழியில் வந்தது, செம்மஞ்சள் ஒளிக்குத் திறப்பது. எதிரே இருப்பதைக் கமராவால் வாங்கி அந்த நிற ஒளியாய்க் கண்ணுக்குள் பாய்ச்சுகிற கண்ணாடியும் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி. முகம் தெரியாது, எழுத்து வாசிக்க முடியாது. ஆனால் மேசையில் வைத்த குறிப்பேட்டுக்கு நேராகக் கையை நீட்டித் தொட்டார், வைத்திருந்த கோப்பைகளை எண்ணிச் சொன்னார். முதலில் அவருக்குத் தெரிந்தது ஆய்வுகூடத்துக்கு வெளியில்தான். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீதியோரம் நின்றபோது, கடவையில் தார் மேல் இழுத்திருந்த வெள்ளைக் கோடுகளை அவர் கண்டார்.